கொருக்குப்பேட்டை கேட்

கேட் விழுந்ததும்
டில்லிபாபு சாவியைத் தொட்டார், திருப்பவில்லை.
கழுத்தை நீட்டி
தண்டவாளம் வளையும் இடத்தையே பார்த்தார்.

"வெறும் இஞ்சின்னா அணைக்கமாட்டேன்க்கா.
அணைச்சி எழுப்பறதுக்கே
இது குடிக்கிற காஸ் ஜாஸ்தி.
டேங்கர்னா அணைப்பேன்.
கண்டெய்னர்னா அணைச்சிட்டு
டீ சாப்புடப் பூடுவேன்."

என் மடியில் லேப்டாப்.
மூடித்தான் வைத்திருந்தேன், சுட்டது.
அதுதான் இந்த வாரம் முழுக்க என் வழக்கு.
நீங்கள் செய்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால்
நம்புவாரா?

செயலிக்கும் இரண்டு வேலைகளுக்கு நடுவே
ஒரு கேட் விழும்.
கெர்னல் எட்டிப் பார்க்கும்.
அடுத்த டைமர் எப்போது?
போன சில தடவை எவ்வளவு சீக்கிரம் எழுப்பினார்கள்?
நின்ற வாக்கில் கண் சொருகினால் போதுமா,
கேஷைக் காலி செய்து
மின்சாரத்தையே கைவிடலாமா?
ஆழத்துக்குப் போனால் திரும்பிவரக் கூலி உண்டு.
கூலிக்குக் கட்டாத தூக்கம் நஷ்டம்.
ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இந்தக் கணக்கு,
அதில் தப்பும் உண்டு.

அன்றைக்கு டில்லிபாபுவுக்கும் தப்பியது.
அணைத்தார்.
வந்தது வெறும் இஞ்சின்.

ராத்திரி எண்ணூர் நெடுஞ்சாலை வேறு மாதிரி.
துறைமுகத்தைப் பார்த்து ட்ரெய்லர்கள்
ஒன்றன் பின் ஒன்றாக,
வாலை எர்ணாவூரில் விட்டுவிட்டு.
இரண்டு மணி நேரமோ, இரண்டு நாளோ.
இங்கே யாரும் கழுத்தை நீட்டுவதில்லை.
இஞ்சினை அணைத்து, விளக்கை அணைத்து,
வண்டிக்கு அடியில் தூளி கட்டி
லுங்கியைத் தலைவரை இழுத்துக்கொள்கிறார்கள்.

சஸ்பெண்ட் இதுதான்.
ஊகம் சொல்கிறவனைக் கெர்னல் கூப்பிடுவதே இல்லை.
இருப்பதில் எது ஆழமோ அதை எடு.
எழுந்துவர எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.
ஒரு நிபந்தனை மட்டும்:
கடிகாரத்தைத் தொடாமல் தூங்கத் தெரிந்த நிலையாக
அது இருக்க வேண்டும்.
ஏனென்றால் கோர்கள் ஒவ்வொன்றாக இறங்க,
கடைசியாகக் கண் மூடுவது எதுவோ
அது நேரத்தையும் நிறுத்திவிட்டுப் போகும்.
முதலில் விழிப்பது
அதை மறுபடி ஓட்டிவிட வேண்டும்.

என்னுடையது இறங்கவில்லை.
ஒரே ராத்திரியில் பதினோரு சதவிகிதம் குடித்திருந்தது.
ஆழமான நிலைக்கு நேரான எண்ணிக்கை: பூஜ்யம்.
இயக்கியைச் சந்தேகித்தேன், வைஃபையை,
உற்பத்தி செய்த கம்பெனியை,
பெங்களூரில் இருக்கும் ரெஜினாவின் பேட்சை
(அவளிடம் மன்னிப்பு கேட்டாயிற்று).

கடைசியில் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட்.
அதில் ஒரு வரி.
ஆடி மாதத்தில் ஏதோ ஒலி கரகரத்ததற்காக
அந்த நிலையைத் தடுத்து வைத்திருக்கிறேன்.
என் இனிஷியல், தேதி,
"தற்காலிகம்" என்று ஒரு குறிப்பு.
கெர்னல் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது.
நான் பூட்டிய கதவைத் தாண்டாமல்
அதற்கு மேல்படியில் உட்கார்ந்தே
இரண்டு மாதமாகக் கண் அயர்ந்திருக்கிறது.

வரியை அழித்தேன். மூடியை மூடினேன்.

மூன்று மணிக்கு வெளியே ஓர் ஏர் ஹாரன்.
மாடியிலிருந்து பார்த்தேன்.
தூளியிலிருந்து ஒரு தலை வந்தது,
முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்தது.
நகரவில்லை.
தனக்கில்லை என்று தெரிந்ததும்
தலை உள்ளே போய்விட்டது.
அந்த வேலையும் கெர்னலில் ஒரு வளையமாக இருக்கிறது:
விழி, உனக்கா பார், இல்லையென்றால் திரும்பப் போ.

காலையில் உள்ளங்கையை வைத்தேன்.
உப்புக் காற்றில் ஊறிய சுவர் போல் ஜில்லென்றிருந்தது.
ஒரு சதவிகிதம் மட்டும் குறைவு.
யாராவது மூடியைத் திறப்பார்களா என்று
காது கொடுத்திருந்ததற்கு அந்தச் செலவு.

மறுபடி அதே கேட்.
டில்லிபாபு நீட்டிப் பார்த்தார். வளைவில் பனி.
"இன்னா வண்டின்னே தெர்லக்கா" என்றார்,
கை சாவிமேல் இருந்தது.